அயோர்ட்டா ஆர்ச்சுல வீக்கம்னு சொல்லிட்டாங்களா? ஹைப்ரிட் ஆபரேஷனுக்குப் போற குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி

அப்பாவுக்கு குரல் கம்மிப் போச்சு, அதுல இருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சுது. சளின்னு நினைச்சு ரெண்டு மாசம் கசாயமும் இருமல் டானிக்குமா ஓட்டினோம், அப்புறம் காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியா டியூப் விட்டுப் பாத்துட்டு இடது பக்க குரல் நாண் அசையவே இல்லங்க, நெஞ்சுக்குள்ள ஏதோ நரம்ப அழுத்துது, சி.டி. எடுத்துட்டு வாங்கன்னாரு. எடுத்தா அயோர்ட்டிக் ஆர்ச் அனியூரிசம், அதாவது பெருந்தமனி வளைவுல வீக்கம், 6.1 சென்டிமீட்டர். அன்னைக்கு ராத்திரி பூரா அந்த வார்த்தைய போன்ல தட்டித் தட்டி தேடினேன், தமிழ்ல உருப்படியா ஒண்ணும் அகப்படல. நான் டாக்டர் இல்ல, அப்பா கூட ஆஸ்பத்திரியில கிடந்த ஆளு, அவ்ளோதான். ஆனா அந்த மூணு மாசத்துல கேட்டு, படிச்சு, தப்பு பண்ணி கத்துக்கிட்டத வரிசையா எழுதறேன், உங்க டாக்டர் முன்னாடி போய் உக்காரும்போது என்ன கேக்கணும்னு தெரிஞ்சா அதுவே பாதி பலம்.

முதல்ல ஆர்ச்னா என்னன்னு மனசுல படம் போட்டுக்கோங்க

இதயத்துல இருந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய்தான் அயோர்ட்டா, பெருந்தமனி. மேல போகுது, அங்க ஒரு வளைவு வளையுது, அப்புறம் முதுகெலும்பு ஓரமா கீழ இறங்கி வயித்துக்குப் போகுது. அந்த வளைவுதான் ஆர்ச். வளைவோட முதுகுல இருந்து மூணு கிளை கிளம்பும். முதல் கிளை இன்னாமினேட், அது வலது கைக்கும் மூளையோட வலது பக்கத்துக்கும் போகும். ரெண்டாவது இடது கரோட்டிட், மூளையோட இடது பக்கத்துக்கு. மூணாவது இடது சப்கிளேவியன், அது இடது கைக்கும், கழுத்து வழியா மூளையோட பின்பக்கத்துக்கும், தண்டுவடத்துக்கும் ரத்தம் குடுக்கறது. குரலுக்குப் போற இடது நரம்பு இந்த வளைவுக்கு அடியில சுத்தி மேல ஏறுது, அதனாலதான் ஆர்ச் வீங்கினா சிலருக்கு குரல் போகுது, சிலருக்கு முழுங்க கஷ்டமா இருக்கும், பல பேருக்கு ஒண்ணுமே தெரியாது, வேற எதுக்கோ எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் மாட்டும்.

வயித்துல இருக்கற அயோர்ட்டா வீங்கினா உள்ள ஒரு ஸ்டெண்ட் கிராஃப்ட், அதாவது துணி போர்த்தின கம்பிவலைக் குழாய், தொடை வழியா கொண்டுபோய் விரிச்சு விட்டா பெரும்பாலும் வேலை முடிஞ்சுது. ஆர்ச்சுல அப்படி நேரா விரிச்சா என்ன ஆகும்? துணி மூணு கிளையோட வாயையும் மூடிடும், மூளைக்கு ரத்தம் நின்னுடும். சரி, நெஞ்சத் திறந்து மொத்த வளைவையும் வெட்டி மாத்தலாம்னா அதுக்கு ஹார்ட் லங் மெஷின்ல போட்டு, உடம்பக் குளிர வச்சு, கொஞ்ச நேரம் ரத்த ஓட்டத்தையே நிறுத்தணும். வயசானவங்க, நுரையீரல் கெட்டவங்க, கிட்னி பலவீனமானவங்க இத தாங்கறது கஷ்டம்.

ஹைப்ரிட்னு சொல்றது இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி. மேம்பாலம் கட்டும்போது முதல்ல மாற்றுப் பாதை போட்டுட்டு அப்புறம்தானே பழைய ரோட்ட அடைப்பாங்க, அதே மாதிரி சர்ஜன் முதல்ல மூளைக்குப் போற கிளைகளுக்கு வேற இடத்துல இருந்து புது வழி போட்டுடுவாரு, இதுக்கு டீபிராஞ்சிங்னு பேரு. அதுக்கப்புறம் தொடை வழியா ஸ்டெண்ட் கிராஃப்ட் கொண்டுபோய் வீங்கின இடத்த உள்பக்கமா அடைச்சுடுவாங்க, இத டீவார்னு சொல்லுவாங்க. பாதி கத்தி வேலை, பாதி ஒயர் வேலை.

ரிப்போர்ட்ட எப்படிப் படிக்கறது

மூணு விஷயம் பாருங்க. சைஸ் எவ்ளோ, எந்த இடத்துல, வீக்கம் மட்டுமா இல்ல டிசெக்‌ஷனா. டிசெக்‌ஷன்னா குழாயோட உள்சுவர் கிழிஞ்சு ரத்தம் ரெண்டு சுவருக்கு நடுவுல ஓடறது, அது திடீர்னு வந்தா எமர்ஜென்சி, அதுக்கு இந்த மாதிரி நிதானமா கட்டுரை படிக்க நேரம் கிடையாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வெறும் வீக்கம்னா, ஆர்ச்சுக்கு 5.5 சென்டிமீட்டர்தான் ஆபரேஷன் பத்தி பேச ஆரம்பிக்கற அளவுன்னு 2022-ல வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொல்லுது. அதுக்குக் கீழ இருந்தாலும் ஒரு வருஷத்துல அரை சென்டிமீட்டர் வளந்தாலோ, வலி, குரல் மாத்தம் மாதிரி தொந்தரவு இருந்தாலோ காத்திருக்க மாட்டாங்க. அப்பாவுக்கு சைஸும் தாண்டிடுச்சு, குரலும் போயிடுச்சு.

அடுத்த வேலை சி.டி. ஆஞ்சியோ, இதுல நான் பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க

முதல்ல எடுத்த சி.டி. சாதா நெஞ்சு சி.டி. அத வச்சு ஸ்டெண்ட் சைஸ் பாக்க முடியாது. மருந்து ஏத்தி எடுக்கற ஆஞ்சியோ வேணும், 1 மில்லிமீட்டர் இல்லேன்னா அதுக்கும் மெல்லிசா ஸ்லைஸ், அதாவது உடம்ப குறுக்க துண்டு துண்டா காட்டற படம், எடுத்திருக்கணும், தலை கழுத்துல இருந்து தொடை வரைக்கும் மொத்தமா வேணும். கழுத்து ஏன்னா புது வழி அங்கதான் போடப் போறாங்க, மூளைக்குப் பின்பக்கமா போற குழாய்ல எந்தப் பக்கம் பலமா இருக்குன்னு தெரியணும். தொடை ஏன்னா ஸ்டெண்ட் அந்த வழியாதான் உள்ள போகுது. நாங்க ஒரு ஸ்கேன் சென்டர்ல எடுத்தோம், நல்லா பெரிய பெரிய ஃபிலிமா குடுத்தாங்க, டிஸ்க்குல போட்டுக் குடுத்தது மட்டும் 5 மில்லிமீட்டர் ஸ்லைஸ். சர்ஜன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டு தலைய ஆட்டிட்டாரு. திரும்ப போய் கேட்டா மெல்லிசா எடுத்தத அழிச்சிட்டோம்னாங்க. மறுபடியும் மருந்து ஏத்தி எடுக்க வேண்டியதாச்சு, 71 வயசு கிட்னிக்கு அது தேவையே இல்லாத பாரம். அதனால கவுண்டர்லயே சொல்லிடுங்க, தின் ஸ்லைஸ் முழுசும் டைகாம் ஃபைலா, அதாவது கம்ப்யூட்டர்ல திறந்து பாக்கற ஸ்கேன் ஃபைலா, டிஸ்க்குலயோ பென்டிரைவ்லயோ வேணும்னு. வாங்கினதும் ரெண்டு காப்பி போட்டு வச்சுக்கோங்க. வேற டாக்டர்கிட்ட ரெண்டாவது கருத்து கேக்க இது ஒண்ணு இருந்தா போதும், பேஷண்ட அலைக்கழிக்க வேண்டாம்.

ஸ்கேனுக்கு முன்னாடி கிரியாட்டினின், அதாவது கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்தப் பரிசோதனை, பாப்பாங்க. சுகர் பேஷண்ட் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடறாங்கன்னா அத சொல்லிடுங்க, கிட்னி எப்படி இருக்குங்கறத வச்சு ரெண்டு நாள் நிறுத்தச் சொல்லலாம். கிட்னி நோய், இதயம் பலவீனமாகிற தொந்தரவு எதுவும் இல்லேன்னா எடுத்த பிறகு தண்ணி நல்லா குடிக்கச் சொல்லுவாங்க.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி: ஸ்டெண்ட் எந்த ஜோன்ல உக்காரப் போகுது?

இத நான் தெரிஞ்சுக்க மூணு வாரம் ஆச்சு. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க, ஒரு டாக்டர் கழுத்துல சின்ன ஆபரேஷன்தான்னாரு, இன்னொருத்தர் நெஞ்சத் திறக்கணும்னாரு, யார நம்பறதுன்னே தெரியல. விஷயம் என்னன்னா ஆர்ச்ச ஜோன் ஜோனா பிரிச்சு வச்சிருக்காங்க, ஜப்பான் டாக்டர் இஷிமாரு பேர்ல இருக்கற பிரிப்பு. இதயத்துல இருந்து முதல் கிளை வரைக்கும் ஜோன் 0. முதல் கிளைக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல ஜோன் 1. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல ஜோன் 2. மூணாவது கிளை தாண்டினதும் ஜோன் 3, அதுக்குக் கீழ 4.

ஸ்டெண்ட் கிராஃப்ட் ரத்தம் கசியாம ஒட்டிப் பிடிக்கணும்னா வீக்கத்துக்கு முன்னாடி நல்ல சுவர் குறைஞ்சது 2 சென்டிமீட்டர் நீளம் வேணும். அந்த இடத்துக்கு லேண்டிங் ஜோன்னு பேரு. வீக்கம் எவ்ளோ முன்னாடி வந்திருக்கோ ஸ்டெண்டும் அவ்ளோ முன்னாடி போய் உக்காரணும், எத்தனை கிளைய மூடப் போகுதோ அத்தனை கிளைக்கு முன்கூட்டியே வேற வழி போடணும். அவ்ளோதான் கணக்கு. எத்தனை தழும்பு, எத்தனை நாள் ஐசியு, எவ்ளோ ரிஸ்க், எல்லாமே இந்த ஒரு நம்பர்ல இருந்துதான் வருது. அதனால ஜோன் எத்தனைன்னு கேளுங்க, ஸ்கிரீன்ல காட்டச் சொல்லிக் கேளுங்க, நல்ல டாக்டர் சந்தோஷமா காட்டுவாரு.

ஜோன் 2-ன்னா மூணாவது கிளை மட்டும் மூடும். இடது காறை எலும்புக்கு மேல ஒரு சின்ன வெட்டு, கரோட்டிட்ல இருந்து சப்கிளேவியனுக்கு ஒரு குட்டிக் குழாய் வச்சுத் தைப்பாங்க. இத கரோட்டிட் சப்கிளேவியன் பைபாஸ்னு சொல்லுவாங்க. சொந்தக்காரங்க எல்லாம் பைபாஸ்னதும் ஹார்ட் பைபாஸானு பதறுவாங்க, இது கழுத்துல, இதயத்தத் தொடவே மாட்டாங்க. சில இடத்துல அவசரத்துக்கு பைபாஸ் போடாமயே மூணாவது கிளைய மூடுவாங்க, கை பெரும்பாலும் வேற வழியில ரத்தம் வாங்கிப் பிழைச்சுக்கும், ஆனா நிதானமா பண்ற ஆபரேஷன்னா போட்டுட்டுதான் மூடணும்னு கேளுங்க, ஏன்னா தண்டுவடத்துக்கும் மூளையோட பின்பக்கத்துக்கும் அது முக்கியம். ரெண்டு பேருக்கு இது கட்டாயம். ஏற்கனவே ஹார்ட் பைபாஸ் பண்ணி இடது மார்புக் குழாய இதயத்துக்கு வச்சுத் தச்சவங்க, ஏன்னா அந்தக் குழாய் சப்கிளேவியன்ல இருந்துதான் வருது, அத மூடினா இதயத்துக்கே ரத்தம் நின்னுடும். அப்புறம் இடது கையில டயாலிசிஸ் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக குழாய இணைச்சு வச்ச இடம், இருக்கறவங்க. பழைய ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி எங்கயோ பரண்ல கிடக்கும், தேடி எடுத்துட்டுப் போங்க.

ஜோன் 1-ன்னா ரெண்டு கிளை மூடும். முதல் கிளையில இருந்து பிரியற வலது கரோட்டிட்ல இருந்து இடது கரோட்டிட்டுக்கு கழுத்துக்குக் குறுக்க ஒரு குழாய், அதுல இருந்து இடது சப்கிளேவியனுக்கு இன்னொண்ணு. அதாவது ஒத்தக் கிளை மூணு பேருக்கும் சாப்பாடு போடணும். அப்பாவுக்கு இதுதான் பண்ணாங்க. நாப்பது வருஷம் பீடி குடிச்ச நுரையீரல், நெஞ்சத் திறக்கறத முடிஞ்ச வரைக்கும் தவிர்க்கணும்னாங்க, நல்லவேளையா வீக்கம் ரெண்டாவது கிளையத் தாண்டிதான் ஆரம்பிச்சுது.

ஜோன் 0-ன்னா மூணு கிளையும் மூடும், அப்ப நெஞ்செலும்பத் திறந்துதான் ஆகணும். மேல போற அயோர்ட்டாவுல ஓரமா கிளாம்ப், அதாவது இடுக்கி, போட்டு கிளை கிளையா பிரிஞ்ச ஒரு கிராஃப்ட வச்சு மூணையும் அதுக்கு மாத்துவாங்க. பெரிய வெட்டுதான், ஆனா பெரும்பாலும் ரத்த ஓட்டத்த நிறுத்த வேண்டி வராது, அதுதான் இதுல லாபம். இதுல கவனிக்க வேண்டிய ஒண்ணு, மேல போற அயோர்ட்டாவே 4 சென்டிமீட்டர்கிட்ட பெருத்திருந்தா அங்க கிளாம்ப் போட்டு, ஸ்டெண்டும் அழுத்தினா சுவர் பின்பக்கமா இதயத்த நோக்கிக் கிழியற ஆபத்து இருக்கு, ரெட்ரோகிரேட் டிசெக்‌ஷன்னு சொல்லுவாங்க, அது வந்தா உயிருக்கே ஆபத்து. அந்த மாதிரி ஆளுங்களுக்கு அந்தத் துண்டையும் சேத்து மாத்திட்டுதான் ஸ்டெண்ட் வைப்பாங்க.

இது போக யானைத் தும்பிக்கைன்னு ஒண்ணு கேள்விப்படுவீங்க. 1983-ல ஜெர்மனியில ஹான்ஸ் போர்ஸ்ட்னு ஒரு சர்ஜன், ஆர்ச்ச மாத்தும்போது கிராஃப்டோட ஒரு நீளத்த கீழ இறங்கற அயோர்ட்டாவுக்குள்ள சும்மா தொங்க விட்டாரு, அடுத்த ஆபரேஷன்ல அதப் பிடிச்சு தைக்க வசதியா, அதான் எலிஃபண்ட் டிரங்க். இப்ப அந்தத் தும்பிக்கைக்குள்ள கம்பிவலையும் வச்சு விறைப்பா வர்றத ஃப்ரோசன் எலிஃபண்ட் டிரங்க்னு சொல்றாங்க. ஃப்ரோசன்னதும் ஐஸ்ல வச்சதுன்னு நாங்க நினைச்சோம், அப்படி இல்ல, ஆடாம நிக்குதுன்னு அர்த்தம். ஆனா இதுக்கு உடம்பக் குளிர வச்சு ரத்த ஓட்டத்த நிறுத்தணும், அந்த நேரத்துல மூளைக்கு மட்டும் தனியா ரத்தம் விட்டுக்கிட்டே இருப்பாங்க. வயசு கம்மியா, உடம்பு தாங்கற ஆளுன்னா பல டாக்டருங்க இதத்தான் சொல்லுவாங்க, அதுல நியாயம் இருக்கு, ஏன்னா தச்ச தையல் ரொம்ப வருஷம் நிக்கும்.

கழுத்துல கூட வெட்டாம, கிளையோட சேத்தே செஞ்ச ஸ்டெண்டும் வந்துடுச்சு, ஒத்தக் கிளை வச்ச ஒண்ணுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022-ல அனுமதி குடுத்துச்சு. உங்க அமைப்புக்குப் பொருந்துமா, நீங்க போற ஆஸ்பத்திரியில போடறாங்களான்னு கேட்டுப் பாருங்க.

இளம் வயசுலயே வீக்கம், ரொம்ப உயரம், நீளநீளமான விரல், குடும்பத்துல யாராவது திடீர்னு போயிருக்காங்கன்னா டாக்டர்கிட்ட தவறாம சொல்லுங்க. மார்ஃபன் மாதிரி பரம்பரைக் கோளாறா இருக்கலாம், அதுல சுவரே பலவீனம்ங்கறதால நேரா அந்தச் சுவர் மேல ஸ்டெண்ட் வைக்கறத கூடுமான வரைக்கும் தவிர்ப்பாங்க. நம்ம நாட்டுல இன்னொண்ணு டக்காயாசு, குழாய்ச் சுவர் அழற்சி, பெரும்பாலும் இளம் பொண்ணுங்களுக்கு வரும், அழற்சி அடங்கின பிறகு ஆபரேஷன் பண்றதுதான் நல்லது.

ரிஸ்க் பத்தி பேசும்போது ஓடாதீங்க, உக்காந்து கேளுங்க

கையெழுத்து வாங்கறப்ப மடமடன்னு படிச்சுட்டுப் போவாங்க, நிறுத்திக் கேளுங்க. பெரிசா ரெண்டு.

ஒண்ணு ஸ்ட்ரோக். ஆர்ச்சோட உள்சுவர்ல கொழுப்பும் சுண்ணாம்பும் படிஞ்சிருக்கும், ஒயர் போகும்போது அதுல துணுக்கு உதிர்ந்து மூளைக்குப் போயிடலாம். உங்க ஸ்கேன்ல படிவு நிறைய இருக்கான்னு கேளுங்க.

இன்னொண்ணு தண்டுவடம். கீழ இறங்கற அயோர்ட்டாவுல இருந்து சின்னச் சின்னக் குழாய் தண்டுவடத்துக்குப் போகுது, நீளமான ஸ்டெண்ட் அதுங்கள மூடிட்டா கால் பலவீனமாகலாம், அசைவே இல்லாமலும் போகலாம். வயித்து அயோர்ட்டாவுல ஏற்கனவே ஆபரேஷன் பண்ணவங்களுக்கு இது இன்னும் அதிகம். ரிஸ்க் அதிகம்னா முன்கூட்டியே முதுகுல ஒரு மெல்லிய டியூப் போட்டு தண்டுவட நீர கொஞ்சம் கொஞ்சமா வடிப்பாங்க, பிரஷரையும் வழக்கத்த விட தூக்கியே வச்சிருப்பாங்க. இந்த டியூப் போடுவீங்களா, ஏன், ஏன் வேண்டாம்னு கண்டிப்பா கேளுங்க.

கழுத்து வெட்டுலயும் சின்னச் சின்ன ஆபத்து உண்டு, குரல் நரம்பு, உதரவிதானத்துக்குப் போற நரம்பு, இடது பக்கம் நிணநீர்க் குழாய் கசியறது. பெரும்பாலும் சமாளிச்சுடலாம்.

இத எல்லாம் கேட்டுட்டு அப்பா எனக்கு 71 வயசாச்சு, இதுக்கு மேல எதுக்கு வெட்டிக்கிட்டுன்னு வெறுத்துட்டாரு. அப்ப அவருக்கு டிபேக்கி கதையச் சொன்னேன். அமெரிக்காவுல ஹூஸ்டன்ல மைக்கேல் டிபேக்கின்னு ஒரு சர்ஜன், 1957-ல ஆர்ச்ச முதன்முதலா வெற்றிகரமா மாத்தின குழுவுல இருந்தவரு. அவருக்கே 97 வயசுல அயோர்ட்டா கிழிஞ்சு, அவர் உருவாக்கின மாதிரி ஆபரேஷன் 2006-ல அவருக்கே நடந்து, 2008 வரைக்கும் இருந்தாரு. அதே ஆளுதான் 1950கள்ல துணிக்கடையில டாக்ரான் துணி வாங்கிட்டு வந்து வீட்டுல தையல் மெஷின்ல ரத்தக்குழாய் தச்சுப் பாத்தவரு. அப்பா தையல்காரரு. டாக்ரான்னா பாலியஸ்டர்தானே, அது நைஞ்சு போகாதேன்னாரு, அப்புறம் சர்ஜன்கிட்டயே போய் உள்ள ஓட்டுத்தையலா போடறீங்க, முடிச்சு எங்க வரும்னு பத்து நிமிஷம் பேசிட்டு வந்து சரி பண்ணிக்கலாம்னாரு. பேஷண்டுக்குப் புரியற மாதிரி சொன்னா பயம் தானா இறங்குது.

அட்மிஷனுக்கு முன்னாடி

பணம். எஸ்டிமேட்ல ஸ்டெண்ட் கிராஃப்ட் விலைய தனியா எழுதி வாங்குங்க, பெரும்பாலும் பில்லுல அதுதான் பெரிய தொகை, எத்தனை பீஸ் தேவைப்படலாம்னும் கேளுங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் வரும், ஆனா முன் அனுமதி வாங்கணும், உங்க ஆபரேஷன் எந்தப் பேக்கேஜ்ல வருதுன்னு காப்பீட்டு கவுண்டர்ல முன்னாடியே உக்காந்து பேசுங்க. ரெண்டு கட்டமா பண்றாங்கன்னா ரெண்டுக்கும் சேத்து அனுமதி கேக்கணும்.

ரத்தம் குடுக்க ஆள் ரெடி பண்ணுங்க. பீடி சிகரெட்ட அன்னைக்கே நிறுத்தணும். மூணு பந்து இருக்கற மூச்சுப் பயிற்சிக் கருவி குடுப்பாங்க, வீட்டுலயே பழகட்டும். சொத்தைப் பல் இருந்தா முன்னாடியே பாத்துடுங்க, உள்ள துணி வச்ச பிறகு கிருமி போய் ஒட்டினா பெரிய தொல்லை. ரத்தம் நீர்க்க வைக்கற மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, எத எப்ப நிறுத்தணும்னு எழுதி வாங்குங்க. காத்திருக்கற நாள்ல பிரஷர் ஏறவே கூடாது, முக்கி மலம் கழிக்கறது, தண்ணிக் குடம் தூக்கறது எல்லாம் வேண்டாம்.

ஆபரேஷன் நாள்

ஒரே நாள்ல ரெண்டையும் முடிக்கலாம், இல்ல முதல்ல கழுத்து, சில நாள் கழிச்சு ஸ்டெண்ட்னு பிரிக்கலாம். பிரிச்சா உடம்புக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும், கிட்னி தேறும். ஆனா நடுவுல வீக்கம் வெடிக்கற பயம் இருக்கும், அதனால அந்த நாள்ல ஆஸ்பத்திரியிலயே வச்சுக்கச் சொல்லுங்க. அப்பாவுக்கு அஞ்சு நாள் இடைவெளி விட்டாங்க.

ஸ்டெண்ட் நாள்ல தொடைக் குழாய் வழியா உள்ள விடுவாங்க. ஸ்டெண்ட உள்ள கொண்டுபோற உறையோட அளவ பிரெஞ்ச்னு ஒரு கணக்குல சொல்லுவாங்க, 24 பிரெஞ்ச்னா 8 மில்லிமீட்டர் விட்டம்னு அர்த்தம், மூணால வகுத்துக்கோங்க. மெலிஞ்ச உடம்புக்காரங்க, பொம்பளைங்களுக்கு இடுப்புக் குழாய் அதவிட சின்னதா இருக்கலாம், அப்ப அடிவயித்துல வெட்டி வேற வழியா போடுவாங்க. ஸ்டெண்ட விரிக்கற அந்தச் சில நொடி, பேஸ்மேக்கர் ஒயர் வச்சு இதயத்த படுவேகமா துடிக்க வைப்பாங்க, அப்ப ரத்தம் தள்ளற வேகம் விழுந்துடும். இல்லேன்னா அடிக்கற காத்துல குடை இழுத்துக்கிட்டுப் போற மாதிரி ஸ்டெண்ட் இடம் நகந்துடும். அப்புறம் மூடின சப்கிளேவியனோட அடி வாய பிளக் வச்சு அடைப்பாங்க, இல்லேன்னா பைபாஸ்ல வர்ற ரத்தம் திரும்பி வந்து வீக்கத்துக்குள்ளயே ஊத்தும்.

வெளிய இருக்கறவங்களுக்கு நேரம் போகாது. சாப்பிடுங்க, போன் சார்ஜ் வச்சுக்கோங்க, ஒரு ஆளு மட்டும் டாக்டர்கிட்ட பேசற ஆளா இருங்க, பத்து பேர் பத்து விதமா கேட்டா குழப்பம்தான்.

ஐசியு, இங்க உங்க கண்ணுதான் முக்கியம்

மயக்கம் தெளிஞ்சதும் ரெண்டு கையும் பிடிச்சு அழுத்தச் சொல்லுவாங்க, ரெண்டு காலையும் அசைக்கச் சொல்லுவாங்க. நீங்க பாக்கப் போற நேரத்துல நீங்களும் கேளுங்க, கால் விரல ஆட்டுங்கப்பான்னு. இத நான் அழுத்தி எழுதக் காரணம் இருக்கு. கால் பலவீனம் ஆபரேஷன் முடிஞ்ச உடனேதான் வரும்னு இல்ல, முதல் நாள் நல்லா ஆட்டின கால் ரெண்டாவது மூணாவது நாள்ல கூட கனக்க ஆரம்பிக்கலாம். அந்த நேரத்துல உடனே பிரஷர ஏத்தி, தண்டுவட நீர வடிச்சா திரும்ப வர்ற வாய்ப்பு இருக்கு, நேரம் தள்ளிப் போகப் போக அந்த வாய்ப்பு நழுவும். அப்பா ரெண்டாவது நாள் விடியக்காலையில வலது கால் மரத்த மாதிரி இருக்குன்னாரு. டியூட்டியில இருந்த நர்ஸ் பொண்ணு ஒரு நிமிஷம் கூட யோசிக்கல, போன் போட்டுடுச்சு, பிரஷர ஏத்தினாங்க, முதுகு டியூப திறந்தாங்க, மத்தியானம் கால் பழையபடி ஆச்சு. அந்தப் பொண்ண நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். மரத்துப் போறது, கனம், ஒண்ணுக்கு வராம அடைக்கறது, எதுவானாலும் நர்ஸக் கூப்பிடுங்க, தொந்தரவு பண்றோமோன்னு தயங்கவே தயங்காதீங்க.

ஸ்டெண்ட் வச்ச பிறகு சில நாள் லேசா ஜுரம் அடிக்கறது உண்டு, அதுக்கு மட்டும் பயப்பட வேண்டாம், ஆனா அவங்க கவனிச்சுட்டாங்களான்னு உறுதி பண்ணிக்கோங்க.

வீட்டுக்கு வந்த பிறகு

பிரஷர வலது கையில பாருங்க. இடது கைக்கு இப்ப மாற்றுப் பாதையில ரத்தம் வருது, அங்க குறைச்சுக் காட்டலாம், அத நம்பி மாத்திரையக் குறைச்சுட்டா உள்ள பிரஷர் எகிறிக்கிட்டு இருக்கும். டிஸ்சார்ஜுக்கு முன்னாடி ரெண்டு கையிலயும் பாத்து எந்தக் கை அதிகமோ அந்தக் கைதான் இனிமேன்னு எழுதி வாங்குங்க. பொதுவா 130/80-க்குக் கீழ வைக்கச் சொல்லுவாங்க.

மருந்துக்கடை விஷயம் ஒண்ணு. வயித்தால போனா, ஒண்ணுக்கு எரிஞ்சா நம்ம ஊர்ல டாக்டர்கிட்ட போகாமயே சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்லாக்சசின்னு வாங்கி முழுங்கற பழக்கம் இருக்கு. இந்த வகை ஆண்டிபயாடிக் அயோர்ட்டா வீக்கம் உள்ளவங்களுக்கு சுவர் கிழியற ஆபத்தக் கூட்டலாம்னு அமெரிக்க எஃப்டிஏ 2018 டிசம்பர்ல எச்சரிக்கை விட்டுச்சு. வேற வழியே இல்லாத நேரம் தவிர வேண்டாம். எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல அயோர்ட்டா ஸ்டெண்ட் இருக்குன்னு சொல்லுங்க, ஆஸ்பத்திரியில குடுக்கற இம்பிளாண்ட் கார்ட போட்டோ எடுத்து வீட்டுல எல்லார் போன்லயும் வைங்க.

சி.டி. ஆஞ்சியோ ஒரு மாசத்துல ஒண்ணு, அப்புறம் ஆறு மாசமோ ஒரு வருஷமோ, அதுக்கப்புறம் வருஷா வருஷம். இதுதான் எல்லாரும் கோட்டை விடற இடம். உடம்பு நல்லாதானே இருக்கு, எதுக்கு செலவுன்னு விட்டுடறாங்க. ஸ்டெண்ட் வச்சாலும் வீக்கம் உள்ளயேதான் இருக்கு, வெட்டி எடுக்கல. ஓரமா ரத்தம் கசிஞ்சு மறுபடி நிரம்பலாம், எண்டோலீக்னு பேரு, வலிக்காது, வெளிய தெரியாது. ஸ்டெண்டோட முனையில கசிஞ்சா டைப் 1, அது சீக்கிரம் சரி பண்ண வேண்டியது. பக்கக் குழாய்ல இருந்து திரும்பி வந்தா டைப் 2, வீக்கம் வளராத வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பாங்க. அப்பாவுக்கு முதல் மாசம் லேசா டைப் 2 இருந்துச்சு, ஆறாவது மாசம் தானா அடைஞ்சிடுச்சு, வீக்கம் 5.7-க்கு சுருங்கிடுச்சு. குரல் திரும்ப வரல. வராமலும் போகலாம்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, இப்ப மெதுவாதான் பேசுவாரு, நாங்க பக்கத்துல போய் உக்காந்து கேக்கறோம்.

கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க, சில குடும்பத்துல இது தொடரும். நானும் தங்கச்சியும் எக்கோ எடுத்துட்டோம்.

கடைசியா, எதுக்கெல்லாம் உடனே 108-க்குப் போன் பண்ணணும்னு ஃப்ரிட்ஜ் மேல எழுதி ஒட்டுங்க. தோள்பட்டை ரெண்டுக்கும் நடுவுல முதுகுல கிழிக்கற மாதிரி திடீர் வலி. இருமல்லயோ வாந்தியிலயோ ரத்தம், கொஞ்சமா வந்தாலும். வாய் கோணறது, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் இழுக்கறது. கால் திடீர்னு பலமில்லாம போறது. கழுத்துத் தழும்பு கிடுகிடுன்னு வீங்கி மூச்சு முட்டறது. அதோட குளிர் ஜுரம் விடாம அடிச்சாலோ, தழும்புல சீழ் வந்தாலோ அன்னைக்கே ஆபரேஷன் பண்ண இடத்துக்குப் போங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது அந்த தின் ஸ்லைஸ் டிஸ்க்கையும் இம்பிளாண்ட் கார்டையும் ஒரே பையில போட்டு கையில எடுத்துக்கோங்க, எங்க வீட்டுல அந்தப் பை கதவுக்குப் பின்னாடி ஆணியிலயே தொங்குது.